பூமிக்குக் கோவணம் கட்டாதே கண்ணு

அந்த ஜன்னல் ஓரத்துல ஒரு தொட்டி வெச்சிருக்கறயே, அதுல இருக்கிறது செடியா, வெறகா? நான் சித்திரையில வந்து எறங்கினப்பவே அது செத்துக் கிடந்துச்சு. இப்பப் பொரட்டாசி. இன்னும் வாராவாரம் ஒரு டம்ளர் தண்ணி ஊத்தறே, தெவசம் குடுக்கற மாதிரி. உன்ற பாசத்தை மெச்சிக்கறேன் கண்ணு, ஆனா போனது போயிருச்சு.

சித்தெ உக்காரு. நாளைக்கு வெடியால வேலியோரம் நடப் போறோம். அடுத்த வாரம் நான் பிளேன் ஏறிருவேன். அப்பறம் நீ போன்ல படம் அனுப்புவே, "அப்புச்சி, இலை மஞ்சளாகுது, என்ன பண்ண?"ன்னு. அந்தச் சின்னப் படத்துல எனக்கு இலையும் தெரியாது, மஞ்சளும் தெரியாது. கேக்கறதை இப்பவே கேட்டுக்க. அந்த லேப்டாப்பை மூடு. மூடறேன்னு சொல்லிட்டுப் பாதி மூடாதே.

மொதல்ல இந்தச் செத்தவன் யாருன்னு தெரிஞ்சுக்க. கடைக்காரன் "ஜெரேனியம்"னு சீட்டுக் குத்தி வித்திருக்கறான். நீயும் இந்த ஊர்க் குளிரைத் தாங்கும்னு நம்பி, வாசல்ல வெச்சு அழகு பாத்தே. கார்த்திகைப் பனியில ஒரே ராத்திரியில கூழாப் போச்சு. அது இந்த ஊருச் செடியே இல்ல. தென்னாப்பிரிக்கா வெயில்ல வளந்தது. அதோட நெசப் பேரு பெலர்கோனியம். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753ல செடி கொடிக்கெல்லாம் பேரு வெச்சப்ப, ரெண்டையும் ஒரே பந்தியில உக்கார வெச்சுட்டுப் போயிட்டாரு. 1789ல பிரான்சுக்காரர் லெரித்தியே வந்து, இது வேற கூட்டம், அது வேற கூட்டம், பங்காளி கிடையாதுன்னு பிரிச்சு வெச்சாரு. ஜெரேனியத்துக் காயி கொக்கு மூக்காட்ட இருக்கும், பெலர்கோனியத்துக் காயி நாரை மூக்காட்ட. கிரேக்க பாஷையில ரெண்டு பேருக்கும் அதுதான் அர்த்தம்னு நீதான் படிச்சுச் சொன்னே. பிரிச்சு 200 வருசத்துக்கு மேல ஆயிருச்சு. சேதி இன்னும் உன்ற கடைக்காரன் காதுக்கு வந்து சேரலே.

கொடைக்கானல்லயும் நீலகிரியிலயும் எண்ணெய் காய்ச்சறதுக்குன்னு ஜெரேனியம் போட்டாங்களே, அதுவும் இந்தப் பெலர்கோனியம் கூட்டம்தான். இலையைக் கசக்கினா ரோஜா வாசம். அதை நெனச்சுத்தான் நானும் மொதல்ல ஏமாந்தேன். உன்னைய மட்டும் ஏன் சொல்லோணும்.

இப்ப நாம நடப் போறது மூத்த கூட்டம், அசல் ஜெரேனியம். குளிருக்கு இலையை உதுத்துட்டு மண்ணுக்குள்ள படுத்துக்கும், இல்லாட்டி இலையோடயே குந்தியிருக்கும். மைனஸ் 20 டிகிரிக்குக் கீழ போனாலும் சாகாத ரகம் இதுல நெறைய உண்டு. ஒருக்கா நட்டா வருசா வருசம் தானே கெளம்பி வரும். உனக்குன்னு செஞ்ச மாதிரிச் செடி. உனக்கு வேலை செய்யப் புடிக்காது, அதுக்கு வேலை வாங்கப் புடிக்காது.

வெலையைச் சொன்னியே, அன்னைக்கு எனக்கு நெஞ்சு ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு. நர்சரியில ஒரு செடியைத் தூக்கிக் காட்டி, "9 பவுண்டு அப்புச்சி"ன்னே. என்ற காதுல பவுனுன்னு விழுந்துச்சு. உங்க அமுச்சி கழுத்துல கெடந்ததே 7 பவுன்தான், அதுலயும் ரெண்டு பவுனைக் கெணறு வெட்டறப்ப பேங்குல வெச்சு, திருப்ப மூணு வருசமாச்சு. இங்க புல்லாட்ட ஒரு செடி 9 பவுனுங்கறான். பவுண்டுங்கறது நோட்டுன்னு புரிஞ்ச பொறவுதான் மூச்சு வந்துச்சு. அப்பவும் பாதி மூச்சுதான்.

சரி, சமாச்சாரத்துக்கு வாறேன். செர்ரி மரத்தடியில, வேலியோரமா, 8 முழ நீளம் 3 முழ அகலத்துல ஒரு எடம். புல்லு வரலே, பூ வரலே, களை மட்டும் வருது. அதுக்கு நீ என்ன பண்ணி வெச்சிருந்தே? கறுப்புத் துணி விரிச்சு, மேல ஜல்லியைக் கொட்டி வெச்சிருந்தே. பூமிக்குக் கோவணம் கட்டின ஆளை நான் இப்பத்தான் கண்ணு மொதல்ல பாக்கறேன். கோவணம் கட்டியும் மானம் நிக்கலே. ஜல்லிக்கு மேல காத்துல தூசி வந்து படிஞ்சு, அந்தத் தூசியில வெதை விழுந்து, மேலயே ஒரு தோட்டம். துணிக்குக் கீழ ஒரு தோட்டம். ஒரு காசு செலவில்லாம ரெண்டடுக்கு வெள்ளாமை பண்ணினவன் நீ ஒருத்தன்தான்.

பூமி அம்மணமா இருக்காது. நீ ஒண்ணு போத்தலேன்னா அது ஒண்ணைப் போத்திக்கும். நம்ம காட்டுல சோளத்துக்குள்ள தட்டைப்பயறு ஊடுபயிராப் போட்டோமே, எதுக்கு? பயறும் கெடைக்கும், மண்ணும் காயாது, களைக்கும் எடம் இருக்காது. இங்கயும் அதே கணக்குத்தான். இந்த ஊர்க்காரங்களும் நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கறாங்க. இந்த பிரிஸ்டலுக்குத் தெக்க சாமர்செட் ஜில்லாவுல மார்ஜரி பிஷ்னு ஒரு அம்மா இருந்திருக்கறாங்க. லண்டன்ல பத்திரிகை ஆபீஸ்ல வேலை பாத்தவங்க. 46 வயசு வாக்குல, 1938ல, ஈஸ்ட் லாம்புரூக்குங்கற ஊர்ல பழைய வீட்டுத் தோட்டத்துல எறங்கினாங்களாம். அதுக்கு முன்ன மம்முட்டி புடிச்ச கையில்ல. 1964ல மண்ணை மூடற செடிகளைப் பத்தியே தனிப் பொஸ்தகம் போட்டுட்டாங்க. ஜெரேனியம்னா அந்தம்மாவுக்கு உசுராம். உனக்கு இப்ப வயசு 31. ஆகவே "எனக்குத் தெரியாது அப்புச்சி"ங்கறதை இன்னும் 15 வருசத்துக்குத்தான் சொல்லலாம்.

ஆனா ஒண்ணு. சித்திரையில வந்த ஒடனே, "நாளைக்கே நட்டுருலாம்"னு நீ குதிச்சப்ப, பொரட்டாசிக்கு நடலாம்னு நான் ஏன் முட்டுக்கட்டை போட்டேன்? கெழவன் சோம்பேறின்னு உன்ற பொண்டாட்டிகிட்டச் சொன்னதா கேள்விப்பட்டேன். பரவால்ல. செவுரு மெல்லிசா இருக்குது.

அந்த எடத்துல வெள்ளை வேர்க்காரன் ஒருத்தன் இருந்தான், பைண்ட்வீட்னு நீ சொன்னே. கொடியாட்டப் படரும், குழலூதற மாதிரி வெள்ளைப் பூ. பாத்தா சாது. தோண்டினா உள்ளார சேமியாப் பாக்கெட்டைக் கொட்டின மாதிரி வெள்ளை வெள்ளையா வேரு. தொட்டா மளுக்குன்னு ஒடையும். ஒடஞ்ச துண்டு ஒவ்வொண்ணும் தனித்தனியா மொளைக்கும். நம்மூருக் கோரைக்கிழங்குக்கு இவன் தாயாதி. நீ மொத நாளு மம்முட்டியை எடுத்துப் பொளந்து தள்ளினியே, அன்னைக்கு ஒரு களையை 40 களையாக்கி வெச்சே. அதுக்கப்பறம் நான் முள்ளுக்கரண்டியில ஒவ்வொண்ணா நோண்டி, ஒரு வேரு ஒடையாம வர்றதுக்கு அரை மணி நேரம் குந்தியிருந்தேன். நீ பாத்துட்டு, "அப்புச்சிக்குப் பொழுது போகுது"ன்னே. வைகாசியில ஒருக்கா எடுத்தேன், ஆடியில ஒருக்கா எடுத்தேன், ஆவணியில ஒருக்கா. அருகாட்ட ஓடற கௌச் புல்லும் அப்பிடித்தான் போச்சு. மூணாந் தடவை வாளியில பாதிகூட நெறையலே.

இதை ஏன் இழுத்துச் சொல்றேன்னா, மண்ணை மூடற செடி களையைக் கொல்லும்னு நீ நெனச்சுட்டு இருக்கறே. கொல்லாது. அதோட எலை நெழலு மண்ணுல விழுந்து கெடக்கற வெதையை மொளைக்க உடாது, அவ்வளவுதான். வேருல சோத்தைக் கட்டி வெச்சிருக்கறவனுக்கு நெழலு ஒரு பொருட்டே கெடையாது. அவன் ஜெரேனியத்துக்குள்ள பூந்து, அதையே பந்தலாப் புடிச்சு மேல வந்துருவான். அப்ப அவனை எடுக்கோணும்னா செடியையும் சேத்துத்தான் புடுங்கோணும். முந்தியே எடுத்தவனுக்கு ஒரு வேலை, முந்தி எடுக்காதவனுக்கு ஆயுசுக்கும் வேலை.

அப்பறம் பக்கத்து வீட்டம்மா சமாச்சாரம். அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு இங்கிலீசுல எஸ், நோ, வெரி குட். செடியைப் பத்திப் பேச அது தாராளம். நான் ஒரு மாசமா வேலிக்கு இக்கட்டால குந்தி வேரு நோண்டறதைப் பாத்துட்டு, ஒரு நாளு அவங்களே ஒரு கத்தைச் செடியைத் தூக்கி வேலி மேல வெச்சாங்க. எலை ஒண்ணைக் கசக்கி என்ற மூக்குகிட்ட நீட்டினாங்க. கற்பூரவல்லியும் இல்ல, திருநீத்துப்பச்சையும் இல்ல, பச்சை ஆப்பிள் தோலும் ஈரக் கட்டையும் சேந்த மாதிரி ஒரு நெடி. எனக்குப் புடிச்சுப் போச்சு. உன்ற பொண்டாட்டி மூக்கைப் பொத்திக்கிட்டா. முயலும் மானும் அவ கட்சிதானாம், இதைக் கடிக்கறதில்ல.

அதுதான் மேக்ரோரைசம். பெருவேருன்னு அர்த்தம். நான் பெருவேரன்னே கூப்பிடறேன். பல்கேரியாக்காரங்க இதை ஸ்ட்ராவெட்ஸ்னு சொல்லி, ஆரோக்கியத்துக்கு அடையாளமா வெச்சிருக்கறாங்களாம். நம்ம எடத்துக்கு இதுதான் ஏத்தது. மரத்தடி, நெழலு, அதுக்கு மேல மர வேரு ஈரத்தை எல்லாம் உறிஞ்சிட்டு மண்ணைச் சுண்ணாம்பாட்ட வெச்சிருக்கு. வேற எந்தச் செடியைக் கொண்டாந்து அங்க நட்டாலும் பத்து நாள்ல கோவிச்சுட்டுப் போயிரும். பெருவேரன் போகாது. குளிருலயும் பாதி எலை அப்பிடியே நிக்கும், சிலது செவந்து போயி அழகாவும் இருக்கும். மே, ஜூன்ல ரோஸ் பூ. பூவு ஒரு போனஸுன்னு வெச்சுக்க, வேலை எலையோடதுதான்.

நடற விதம் கேளு. அந்த வேர்த்தண்டு நம்ம வெரலி மஞ்சளாட்டத் தடிமன், மேல பழுப்புத் தோலு, வளைஞ்சு நெளிஞ்சு மண்ணுக்கு மேலயே படுத்திருக்கும். நுனியில மட்டும் குடுமியாட்டக் கொஞ்சம் எலை. அரை சாண் நீளத்துக்கு முறிச்சு, தண்டு பூராவும் மண்ணுக்குள்ள போற மாதிரி, குடுமி மட்டும் வெளிய தெரியற மாதிரிப் பதிச்சு, குதிங்கால்ல ஒரு மிதி. தொட்டியில இருந்த ஆழத்துக்கே நடணும்னு நீ யூடியூப்ல பாத்தது தொட்டிச் செடிக்கு. முறிச்ச துண்டுக்கு இது. முழத்துக்கு ஒண்ணு. 8 முழம், 3 முழம், ஆக 24 துண்டு. கடையில வாங்கியிருந்தா 216 பவுன். அதை வெச்சு நான் ரெண்டு கல்யாணத்தை முடிச்சிருப்பேன். அந்தம்மா குடுத்த ஒரே கத்தையில 30 துண்டு இருக்குது. மீதி 6 துண்டை ஒரு ஓரமா நட்டு வை, போனா போன எடத்துல வெக்கலாம்.

மொத வருசம் இடையில மண்ணு தெரியும். உனக்குக் கை அரிக்கும், நெருக்கி நடலாம்னு. வேண்டாம். அந்தச் சந்துல காஞ்ச எலையை மக்க வெச்சு ரெண்டு அங்குலம் போட்டு மூடு. அடுத்த கோடையில மழை ஏமாத்துனா வாரத்துக்கு ஒருக்கா நல்லா நனையத் தண்ணி உடு. டம்ளர்ல இல்ல, வாளியில. ரெண்டாம் வருசம் எலையும் எலையும் கை கோத்துக்கும். அதுக்கப்பறம் நீ சேர் போட்டு உக்காந்துக்கலாம். உரம் மட்டும் போடாதே. நீ வாரா வாரம் நீல உரத்தைக் கரைச்சு ஊத்தறதைப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். தின்னு தின்னு செடி ஆள் ஒசரத்துக்கு எந்திரிச்சு, நடுவுல பொளந்து நாலாப் பக்கமும் படுத்துக்கும். உன்னைய உங்கம்மா வளத்தின மாதிரி.

ரோசன்னு ஒரு ஜெரேனியம், அதைப் பத்திச் சொல்லாம உட்டா உன்ற பொண்டாட்டி கோவிச்சுக்குவா. அந்த ஊதா நீலப் பூ, நடுவுல வெள்ளை. ஜூன்ல ஆரம்பிச்சது இன்னைக்கும் அந்தம்மா வீட்டு வாசல்ல பூத்துக்கிட்டே இருக்குது, தேனீ மொய்க்குது. அதோட கதை நல்ல கதை. இதே சாமர்செட்ல, கடலோரத்துல கில்வ்னு ஒரு ஊரு. அங்க வாட்டரர்னு ஒரு தம்பதி, டொனால்டு, ரோசன். 1989ல அவங்க தோட்டத்துல யாரும் கேக்காம ஒரு செடி மொளைச்சிருக்கு. அப்பன் ஆத்தா ரெண்டும் நம்ம இமயமலைப் பக்கத்துச் செடி. ஒண்ணு இமாலயென்ஸி, இன்னொண்ணு வாலிச்சியானம். கல்கத்தாவுல கம்பெனித் தோட்டத்தைப் பாத்துக்கிட்ட வாலிச் தொரை பேரை வெச்சது. இமயமலைப் பொண்ணும் மாப்பிள்ளையும் சாமர்செட்ல வந்து தாலி கட்டியிருக்கு, தேனீதான் புரோகிதர். 2000த்துல சந்தைக்கு வந்து, 2013ல செல்சி மலர்க் கண்காட்சியோட நூறாவது வருசத்துக்கு நூறு வருசத்துச் செடின்னு பட்டம் வாங்கிருச்சு. ஒரே கொறை, வாரிசு கிடையாது. வெதை புடிக்காது. புடிக்காததாலதான் ஓயாமப் பூக்குது. புள்ளை பெத்து வளக்கற வேலை இருந்தா இத்தனை அலங்காரத்துக்கு நேரம் ஏது?

வாங்கிக் குடு, வேண்டாங்கலே. ஒண்ணே ஒண்ணு, வெயிலு விழற எடத்துல. ஆனா அதை மண் மூடற செடின்னு என்கிட்டச் சொல்லாதே. கோடையில மூணடி அகலத்துக்குக் குடை விரிக்கும். ஐப்பசி, கார்த்திகையில பனி விழுந்த பொறவு போயிப் பாரு, நடுவுல ஒரு முடிச்சு, சுத்தியும் மூணடிக்கு வெறும் மண்ணு. மாசி, பங்குனியில களை மொளைக்கறப்ப அது இன்னும் போர்வைக்குள்ள தூங்கிட்டு இருக்கும். அது குடை. பெருவேரன்தான் போர்வை. கடைக்காரன் ரெண்டையும் ஒரே மேசையில வெச்சு ஒரே பேரைச் சொல்லி விப்பான், ஏன்னா அவன் குளிர்காலத்துல உன்ற வீட்டுக்கு வரப் போறதில்ல.

இன்னும் சிலதுங்க இருக்குது. ஃபேயம்னு ஒண்ணு, நெழல்ல வரும், கறுப்பு கலந்த ஊதாப் பூ. அதுக்கு இவங்க வெச்ச பேரு துக்கம் காக்கற விதவை. நம்ம பக்கம் வெள்ளைச் சீலை, இவங்க பக்கம் கறுப்பு. தரையோட தரையா ஓரத்துக்கு வேணும்னா பயோகோவோன்னு ஒரு குட்டை ரகம். குரோவேஷியா மலையில கண்டெடுத்தது, நம்ம பெருவேரனோட புள்ளைதான், பூ வெள்ளையில லேசா ரோஸ் பூசினாப்ல. ஆக்சோனியானம் கூட்டத்துல கிளாரிஜ் டிரூஸ்னு ஒருத்தன், எங்க வெச்சாலும் வருவான், அதுதான் அவன்கிட்ட நல்ல கொணமும் கெட்ட கொணமும். காஞ்ச காயைப் பாத்திருக்கறயா? கொக்கு மூக்கு காஞ்சு இறுகி, ஒரு நொடியில அஞ்சு பட்டையாச் சுருட்டிக்கிட்டு வெதையைக் கவணு கல்லாட்ட வீசும். காசித்தும்பைக் காயை வெடிக்க வெச்சு வெளையாடுவியே சின்ன வயசுல, அதே வித்தை. இவன் வீசற வெதை அடுத்த வீட்டுக்காரன் பாத்தியில போயி மொளைக்கும், பஞ்சாயத்து உன்ற வாசல்ல நடக்கும். பூ முடிஞ்ச ஒடனே வெட்டறவனுக்குத்தான் அவன் சரிப்படுவான். நீ வெட்ட மாட்டே, ஆகவே வாங்காதே.

வெட்டறதுன்னதும் நெனப்பு வருது. ஜூலை மாசம் அந்தம்மா மெக்னிஃபிகம்னு பெருசா ஒரு பொதரு வெச்சிருந்தாங்களே, நீலமாப் பூத்து முடிஞ்சு தட்டழிஞ்சு கெடந்தது, அதைத் தரையோட தரையா வழிச்சு எடுத்தாங்க. உன்ற பொண்டாட்டி மாடியிலிருந்து பாத்துட்டு, "ஐயோ, பாவம்"னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டா. பழனியில மொட்டை அடிக்கறப்ப நீயும் அப்பிடித்தான் கத்துனே, அப்பறம் பஞ்சாமிர்தம் குடுத்ததும் நிறுத்திட்டே. ரெண்டு வாளித் தண்ணியை ஊத்தி உட்டாங்க. மூணே வாரம், புதுத் தளிரு, கோழிக் கொண்டையாட்ட. பெருவேரனுக்கு மொட்டை வேண்டாம், காஞ்ச பூத்தண்டை மட்டும் கிள்ளிப் போடு. பூ முடிஞ்சு எலை அழிஞ்சு நிக்கறதுக்கெல்லாம் மொட்டைதான் வைத்தியம். மருந்துக் கடைக்கு ஓடாதே.

நத்தைக்குப் பயந்து நீல மருந்து உருண்டை வாங்கி வெச்சிருக்கறே. அதையும் திருப்பிக் குடு. அந்தம்மாவோட ஹோஸ்டாவை நத்தை சல்லடையாத் தின்னு வெச்சிருக்கு, பக்கத்துலயே நிக்கற ஜெரேனியத்தைப் பெருசா சீண்டலே. எலையில ஓட்டை தெரிஞ்சா பச்சைப் புழு ஒண்ணு ரெண்டு இருக்கும், தின்னுட்டுப் போகட்டும், செடிக்கு வெசனம் இல்ல. உனக்குத்தான் வெசனம். தொட்டியில வளக்கறதுக்குத்தான் பெரும்பாலும் வேரைத் திங்கற வெள்ளைப் புழு வரும். நாம தரையில நடறோம்.

போறப்ப எனக்கு ரெண்டு துண்டு ஈரத்துணியில சுத்திக் குடுக்கறேன்னு அந்தம்மா சைகையில சொன்னாங்க. வேண்டாம்னு தலையாட்டிட்டேன். உரிய சர்ட்டிபிகேட் இல்லாமச் செடியைக் கொண்டு போனா ஏர்போர்ட்டுல புடுங்கி வெச்சுக்குவான், அது ஒண்ணு. கொண்டு போயிச் சேத்தாலும் பெருந்துறை வெயிலுக்கு நாலு நாளு தாங்காது, அது ரெண்டு. இதுக்கு ஒறம்பறை நம்ம நீலகிரிப் புல்வெளியிலயே இருக்குது, நேபாலென்ஸின்னு சின்ன ரோஸ் பூ. பாக்கோணும்னா ஊட்டி பஸ் ஏறினாப் போச்சு.

சரி, படு. வெடியால ஆறு மணிக்கு எழுப்புவேன், ஞாயித்துக்கிழமைன்னு சொல்லாதே. செத்த தொட்டியைக் கவுத்தி அந்த மண்ணையும் பாத்தியிலயே கொட்டு. அப்பறம், வெட்டற கத்தரியை நான் படிக்கல்லுல தீட்டறேன்னு வாங்கியாந்தேன், தீட்டி வெச்சு மூணு நாளாச்சு. மொத வேலையா அதை அந்தம்மா கையில கொண்டு போயிக் குடுத்துட்டு வா.